ரெஜினா அக்கா படித்துக் காட்டிய கோலிகள்

செய்தி எனக்கு மலாயில்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, ஈப்போ பழம்பொருள் சந்தையில் என் மடக்கு மேசையை விரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் பழைய கடிகாரம் விற்கும் ஆ கியாட் கைப்பேசியைப் பார்த்துவிட்டு மெதுவாக என்னிடம் வந்தார். "சந்திரன், காக் ரெஜினா சுடா தாக் அடா லா." அக்கா இனி இல்லை என்கிறார். எனக்கு ஆ கியாட்மேல் கோபம்தான் வந்தது. முதல் நாள் மாலை அக்கா எனக்கு ஒரு கோலியின் படத்தை அனுப்பி, 'இத பழசுன்னு சொல்லி விக்கிறான் ஒரு மடையன்' என்று எழுதியிருந்தார். அவ்வளவு தெம்பாகத் திட்டியவர் எப்படி இல்லாமல் போவார்? பிறகு அக்காவின் மகன் அந்தோணியே அழைத்தார். தூக்கத்திலேயே போய்விட்டாராம். விரித்த மேசையை மடக்கி வேனில் போட்டுக்கொண்டு நேராகச் சிலிபினில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன்.

சந்தையில் அவரைத் தெரிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பேர், அவர் வருவது தெரிந்தால் சந்தேகமான கோலிகளை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டவர்கள். அடக்கம் முடிந்து வெளியே வந்தபோது, "இனிமே யாரு லா நம்மள ஏசப் போறா?" என்று ஒருவர் கேட்டார். சிரிக்கத்தான் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

நானும் அவரிடம் முதலில் வாங்கியது திட்டுதான். மின்சார வயரிங் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற புதிதில் எனக்குக் கோலிப் பித்து பிடித்தது. கிடைத்ததையெல்லாம் வாங்கி, ஒரு சாடி நிறைய இளம்பச்சைக் கோலிகளைச் சேர்த்து, வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு என்று எழுதிச் சந்தையில் வைத்தேன். கத்தரித்த தலைமுடியும் கழுத்தில் தொங்கும் பூதக்கண்ணாடியுமாக ஒரு அம்மாள் வந்து நின்றார். ஒரு கோலியை எடுத்தார். தண்ணீர்ப் புட்டியில் விரலை நனைத்து அதன்மேல் தடவினார். ஈரம் பட்டால் கீறல் மறைந்து உள்ளே இருப்பது தெளியும் என்று எனக்கு அப்போது தெரியாது.

"பெயிண்டு அடிக்கிற டின்ன குலுக்குனா உள்ள கடகடன்னு உருளுமே, அது என்னான்னு தெரியுமா தம்பி?"

"தெரியும். குண்டு."

"இதான் அது. டின்ன ஒடச்சு எடுத்துருக்கான். நீ சாடி நெறைய வச்சிருக்க. கட தொறக்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் படிச்சிட்டு வரக் கூடாதா லா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. அடுத்த ஞாயிறு அவரை மடக்க வேண்டும் என்று வீம்புக்கு வேறு கோலிகளைக் கொண்டுபோனேன். அதற்கும் அடுத்த ஞாயிறும் அப்படித்தான். நாங்கள் நண்பர்களானது இந்த வீம்பில்தான். என்னைவிட அவருக்கு இரண்டு மூன்று வயதுதான் கூடுதல். ஆனாலும் அக்கா என்று கூப்பிட வைத்துவிட்டார்.

ரெஜினா அக்கா வேலை செய்தது பல் செட் கட்டும் கூடத்தில். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பொய்ப்பல் செய்து கொடுப்பவர்கள் ஈப்போவில் இருந்தார்கள். அங்கே முப்பது வருடத்துக்கு மேல் இருந்தார். நமக்கெல்லாம் வெள்ளை ஒரே வெள்ளை. அவருக்கு அது ஒரு பெரிய குடும்பம். வெற்றிலை போட்டவர் பல், தேநீர் குடித்தவர் பல், பால் பல் என்று தனித்தனியாகச் சொல்வார். என் சிரிப்பைப் பார்த்து, முன்பல்லில் ஒன்று கட்டியது என்பதையும், கட்டியவர் அவசரக்காரர் என்பதையும் முதல் மாதமே சொல்லிவிட்டார். அந்தக் கண்ணைத்தான் கோலிக்குக் கொண்டுவந்தார். பழைய இயந்திரக் கோலிகளில் பலவற்றுக்கு அடிநிறம் வெள்ளை. எந்த ஆலை எந்த வெள்ளையை ஊற்றியது என்பதில்தான் பாதி அடையாளம் இருக்கிறது.

மீதி அடையாளம் இருப்பது தொப்புளில். அது அக்கா வைத்த பெயர். இயந்திரத்தில் உருகிய கண்ணாடிக் குழம்பு கொட்டும்போது கத்தரி அதைத் துண்டு துண்டாக வெட்டும். வெட்டிய துண்டு சுழலும் உருளைகளின் பள்ளத்தில் உருண்டு குண்டாகும். கத்தரி பட்ட இடம் மட்டும் சின்ன மடிப்பாக நின்றுவிடும். ஒவ்வொரு ஆலைக்கும் மடிப்பு ஒவ்வொரு மாதிரி. யாராவது கோலியை நீட்டி இது எந்த ஊர் என்று கேட்டால், "தொப்புளக் காட்டாம ஊரு சொல்ல மாட்டேன்," என்பார். சந்தைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைக் கேட்டு மிரண்டு போனதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

அவருடைய இன்னொரு விதியை நான் தெரிந்துகொண்டது தைப்பிங்கில். அங்கே ஒரு பழைய கடைவீட்டைக் காலி செய்கிறார்கள், ஒரு பிஸ்கட் சாடி நிறையக் கோலி இருக்கிறது என்று கேள்விப்பட்டு என் வேனில் இருவரும் போனோம். வழக்கம்போல மழை கொட்டியது. சாடி அவர்கள் தாத்தா காலத்திலிருந்து திறக்கப்படவே இல்லை என்று வீட்டுக்காரர் அடித்துச் சொன்னார். அக்கா துண்டை விரித்து அத்தனையையும் கொட்டினார். விரலால் அளைந்து அளைந்து ஒரே ஒரு கோலியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சாதாரணப் பூனைக்கண். தெளிந்த கண்ணாடிக்குள் இலைபோல் நிறம் நிற்குமே, அந்த வகை.

"ஒரு சாடிக்கு என்னா வயசுன்னா, அதோட கடைக்குட்டிக்கு என்னா வயசோ அதான். இது சண்டைக்கு அப்புறம் ஜப்பான்ல இருந்து வந்தது. தாத்தாவும் இல்ல, பாட்டனும் இல்ல. வா, போலாம்."

மிகச் சரியான விதி. அதற்குப் பிறகு நானும் எத்தனையோ சாடிகளை அந்த விதியை வைத்து மடக்கியிருக்கிறேன். அந்த விதிதான் என் வீட்டு விஷயத்தில் அக்காவைக் குப்புறத் தள்ளியது.

என் வீட்டு விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் பிறந்தது சுங்கை சிப்புட் போகும் பாதையில் உள்ளடங்கி இருந்த ஆத்தோரத் தோட்டத்தில். அப்பா பால்மரம் வெட்டினார், ரப்பர் பால் எடுக்கிற வேலை. எனக்கு முன்னால் கணேசன் என்று ஒரு அண்ணன் இருந்தான். வெள்ளைக்காரன் காலத்தில், நாற்பத்தெட்டு வாக்கில் அவசரகாலம் தொடங்கியிருந்த சமயத்தில் ஐந்து வயதில் காய்ச்சல் வந்து இறந்துபோனான். எங்களில் பெரியவர்களை எரிப்பார்கள், பிள்ளைகளைப் புதைப்பார்கள். அண்ணனைத் தோட்டத்து இடுகாட்டில் புதைத்தார்கள். மேலே சிமெண்டுப் பலகை போட்டு, காய்வதற்குள் அவன் விளையாடிய கோலிகளை அதில் பதித்தார்கள். பிள்ளைகளின் குழிமேல் அவர்கள் விளையாட்டுச் சாமானைப் பதிப்பது அந்தத் தோட்டத்து வழக்கம். வளையல் பதித்த குழிகளும் உண்டு. பெண்கள் இடுகாட்டுக்குப் போகமாட்டார்கள் என்பதால் அம்மா அந்தக் குழியைப் பார்த்ததே இல்லை.

அப்பா அண்ணனைப் பற்றிப் பேசமாட்டார். அம்மா பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். பிறகு கள்ளு வாசத்தோடு திரும்புவார். "பெத்த புள்ளைய மறந்துட்டு எப்பிடித்தான் இருக்கியோ," என்று அம்மா திட்டுவதைக் கேட்டே நான் வளர்ந்தேன். நானும் அப்படித்தான் நினைத்தேன். நாங்கள் தோட்டத்தை விட்டுச் சிலிபினுக்கு வந்தோம். எண்பதுகளில் அப்பா இறந்தார். அவரை நினைத்து நான் பெரிதாக அழுததில்லை.

சில வருடங்களுக்கு முன் தோட்டத்து நிலம் கைமாறியது. அங்கே வீடுகள் வரப்போகின்றன, இடுகாட்டில் உங்கள் ஆட்கள் இருந்தால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று பழைய தோட்டத்து ஆட்களின் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. அம்மாவுக்கு அப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. கண்பார்வை மங்கி, ஆள் உருவம் மட்டும்தான் தெரியும். செய்தியைச் சொன்னதும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார். "எம்புள்ள மேல வீடு கட்டுவானுங்களா? அவன எங்கிட்ட கொண்டாந்து சேத்துரு சந்திரா. நான் போறதுக்குள்ள சேத்துரு." அன்றிலிருந்து தினம் அதே பேச்சு.

இடுகாட்டைப் போய்ப் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. லாலான் புல்லை வெட்டித் தள்ளியதும் கோலி பதித்த குழிகள் இரண்டு வெளிப்பட்டன, பக்கத்துப் பக்கத்தில். பெயர்ப் பலகை எதிலும் இல்லை. மரத்தில் எழுதி வைத்தது எப்போதோ உளுத்துப் போயிருக்கும். பழைய ஆட்களைக் கேட்டால் ஒருவர் இடது என்றார், ஒருவர் வலது என்றார். இரண்டையும் எடுத்துவிடலாம் என்றால் பூசாரி ஒத்துக்கொள்ளவில்லை. "இன்னொரு வீட்டுப் புள்ளைய நீ எப்பிடி எடுப்ப? நாளைக்கு அதப் பெத்தவங்க வந்தா என்னா பதில் சொல்லுவ?" என்றார். நியாயமான கேள்விதான்.

கோலியை வைத்துச் சொல்ல முடியுமா என்று நான் ரெஜினா அக்காவிடம் கேட்டேன். மறுநாளே வந்தார். இரண்டு பலகைகளையும் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் கழுவினார். அந்த வெயிலில் முட்டி போட்டுப் பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொரு கோலியாகப் பார்த்தார். ஒன்றைக்கூடப் பெயர்க்க விடவில்லை. பாதிக் கோலி சிமெண்டுக்குள் இருந்ததால் தொப்புளைப் பார்க்க வழியில்லை. நிறத்தையும் கண்ணாடியையும் வைத்தே பார்த்தார். கடைசியில் எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு சொன்னார்.

"எடது பக்கத்துல பழசும் இருக்கு, பூனைக்கண்ணும் இருக்கு. இந்தா பாரு, இது எண்ணெ பூசுன மாதிரி மினுக்குது. இந்த வகை எண்பது வாக்குலதான் நம்ம கடைக்கு வந்துச்சு. அப்ப இந்தப் புள்ள எண்பதுக்கு அப்புறம் போன புள்ள. வலது பக்கத்துல எல்லாமே பழசு. பூனைக்கண்ணே கெடையாது. ஒன் அண்ணன் இதுதான்."

சாடிக்கு வயது கடைக்குட்டியின் வயது. நான் தலையாட்டினேன். எனக்கும் அதே விதிதானே தெரியும்? வேறு யாராக இருந்தாலும் எண்பதுகளில் அந்த இடுகாட்டில் யாராவது புதைத்தார்களா என்று விசாரித்திருப்பார்கள். எங்கள் இருவருக்கும் அது தோன்றவே இல்லை. கோலி சொல்லிவிட்டது, அவ்வளவுதான். வீட்டில் போய் வலது பக்கம் என்று உறுதியாகச் சொன்னேன். பூசாரி நாள் குறித்தார்.

அன்று காலை தூறிவிட்டு வெயில் வந்திருந்தது. அம்மா நானும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். இடுகாட்டு ஓரத்தில் வேனை நிறுத்தி, கதவைத் திறந்து வைத்து அவரை உட்கார வைத்தோம். என் தங்கையும் அவள் வீட்டுக்காரரும் வந்திருந்தார்கள். வலது பக்கக் குழிக்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து, சூடம் ஏற்றிப் பூசாரி மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். மண்வெட்டியோடு ஆள் தயாராக நின்றார். ரெஜினா அக்கா சிலுவைக்காரர் ஆயிற்றே, பூசைக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று ஒதுங்கி இடது பக்கக் குழியருகே நின்றிருந்தார்.

மண்வெட்டியை ஓங்கிய நேரத்தில், "நிப்பாட்டுங்க! நிப்பாட்டுங்க லா!" என்று ஒரு கத்தல். திரும்பிப் பார்த்தால் அக்கா.

எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போதும் மறைக்க விரும்பவில்லை. "என்னாக்கா இது? பூச நடந்துகிட்டு இருக்கு. நீங்கதானே இதுன்னு சொன்னீங்க?" என்று கத்தினேன். பூசாரியின் முகம் சிவந்துவிட்டது.

"நாந்தான் சொன்னேன். தப்பா சொல்லிட்டேன்," என்றார் அக்கா. அத்தனை பேருக்கும் கேட்கும்படி, குரலைத் தாழ்த்தாமல் சொன்னார். சந்தையில் நாம் பார்த்த அக்கா ஒரு கோலியின் பெயரில்கூட விட்டுக்கொடுக்காதவர். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "இங்க வந்து பாருங்க. சிமெண்டு காயுது. காயும்போது பாருங்க."

போய்ப் பார்த்தோம். தூறலில் நனைந்த இடது பலகை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. நடுவில் கொத்தாகப் பதித்திருந்த பழைய கோலிகளைச் சுற்றிச் சிமெண்டு ஒரே நிறமாகக் காய்ந்திருந்தது. அந்தக் கொத்துக்கு வெளியே இருந்த ஒவ்வொரு கோலியைச் சுற்றியும் மட்டும் ஒரு சின்ன வட்டம். ஒரு வட்டம் சீக்கிரம் காய்ந்து வெளுத்திருந்தது, ஒன்று இன்னும் கறுத்து ஈரமாக இருந்தது, ஒன்று சாம்பல், ஒன்று கொஞ்சம் மஞ்சள். அக்கா சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. இவ்வளவு நாளும் நாங்கள் கண்ணாடியையே பார்த்திருக்கிறோம், சிமெண்டைப் பார்க்கவே இல்லை.

"ஒவ்வொண்ணும் வேற வேற கொழச்சல். ஒரே நாள்ல வச்சது இல்ல. நடுவுல இருக்குறது மட்டுந்தான் புள்ளைய பொதச்சப்ப வச்சது. மிச்சத்த யாரோ வருசா வருசம் வந்து, கொஞ்சூண்டு சிமெண்டு வச்சு, ஒண்ணு ஒண்ணா பதிச்சிருக்காங்க. அதான் பூனைக்கண்ணும் இருக்கு, எண்பதும் இருக்கு. நான் இதச் சாடி மாதிரி பாத்துட்டேன் சந்திரா. சாடிய மூடிட்டா மூடுனதுதான். இத மூடவே இல்லையே."

"அப்ப இதுதான் கணேசனா?" என்று தங்கை கேட்டாள்.

"அது எனக்குத் தெரியாதும்மா. யாரோ விடாம வந்திருக்காங்க. அவ்வளவுதான் தெரியும்."

யார் வந்திருப்பார்கள்? அப்போதுதான் வேனிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. அக்கா சத்தமாகப் பேசியதெல்லாம் அவர் காதில் விழுந்திருக்கிறது.

"சிமெண்டா? வருசா வருசமா?"

நான் ஓடிப்போய் என்னம்மா என்றேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தீவாளிக்கு மொத நாளு எங்கேயோ போவாருடா ஒங்கப்பன். பொழுது சாஞ்சுதான் வருவாரு. சட்டையில, நகத்துல எல்லாம் சிமெண்டு இருக்கும். சிலிபினுக்கு வந்தப்புறமும் பஸ் ஏறிப் போவாரு. நான் கள்ளுக்கடையில விழுந்து பெரண்டுட்டு வாராருன்னு நெனச்சேன். நல்ல நாளும் அதுவுமா எங்க விழுந்து கெடந்தேன்னு கேப்பேன். எத்தன வருசம் கேட்டிருப்பேன். ஒரு வார்த்த சொல்லலடா அந்த மனுசன். துணியக் கழட்டிப் போட்டுட்டுப் படுத்துக்குவாரு. நாந்தான் தொவைப்பேன்."

எண்பதுகளின் மினுக்குக் கோலிக்குப் பிறகு அந்தப் பலகையில் புதிதாக எதுவும் இல்லை. அப்பா இறந்ததும் எண்பதுகளில்தான்.

அம்மா வேனை விட்டு இறங்கினார். பெண்கள் வரக் கூடாது என்று பூசாரி சொல்ல வாயெடுத்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். ரெஜினா அக்கா போய் அம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து பலகை ஓரமாக உட்கார வைத்தார். அம்மாவுக்குக் கோலிகள் கண்ணுக்குத் தெரியாது. அக்கா அவர் விரலைப் பிடித்து முதலில் நடுக் கொத்தில் வைத்தார்.

"இது ஒங்க மவன் வெளையாண்டதும்மா. செவப்பும் வெள்ளையும் கலந்து சுத்தியிருக்கு." பிறகு விரலை வெளியே நகர்த்தினார். "இது மொத பூனைக்கண்ணு. உள்ள நீல எலை. அம்பதுகள்ல கடைக்கு வந்தது. அப்ப சந்திரன் பொறந்திருப்பான். இது மஞ்சக் கண்ணு. இதுவும் ஜப்பான்தான். இது பச்ச. இதோட நெறம் கொஞ்சம் மட்டம், அந்த வருசம் மலிவு சரக்குதான் கெடச்சிருக்கு போல." அப்படியே ஒன்று விடாமல் படித்துக்கொண்டு போனார். எந்த ஊர், எந்தக் காலம், என்ன நிறம். அம்மா ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தார். தேய்ந்த கோலியில் விரல் நின்று நின்று போனது. கடைசி மினுக்குக் கோலிக்கு வந்ததும் அக்கா, "இதோட முடிஞ்சிரிச்சும்மா," என்றார். அம்மா அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். "அந்த மனுசன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்," என்று மட்டும் சொன்னார். பிறகு அழுதார். நானும் அழுதேன். அப்பா செத்து அத்தனை வருடம் கழித்து அவருக்காக அழுதேன்.

பூசாரி வலது பக்கக் குழியிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு சூடம் கொளுத்திவிட்டு, மாலையை இடது பக்கம் மாற்றினார். இத்தனை காலத்துக்குப் பிறகு உள்ளே என்ன இருக்கும்? பிடி மண்ணை மஞ்சள் துணியில் முடிந்துகொண்டோம். பலகையை உடையாமல் நெம்பி எடுத்து ஈப்போ மயானத்தில் வைத்தோம். அதற்குப் பிறகு அம்மா இரண்டு தீபாவளி இருந்தார். கணேசனைப் பற்றிப் பேசினால் அப்பாவையும் சேர்த்தே பேசினார்.

அக்கா அத்தோடு விடவில்லை. வலது பக்கப் பிள்ளை யாருடையது என்று கோயில் கோயிலாக விசாரித்தார். ஹுத்தான் மெலிந்தாங்குக்குக் குடிபோன ஒரு பழைய தோட்டக் குடும்பத்தைத் தேடிக்கொண்டு என்னையும் இழுத்துப் போனார். அவர்களுக்கும் தெரியவில்லை. மண் தள்ளும் இயந்திரங்கள் வருவதற்கு முந்தின வாரம் வரை யாரும் உரிமை கேட்டு வரவில்லை. "நாம அந்தப் புள்ளைய பேரு மாத்திக் கூப்பிட்டுட்டோம். அப்பிடியே விட்டுட்டுப் போக முடியாது," என்று அதே பூசாரியிடம் போய் நின்றார். அவர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். இப்போது என் அண்ணன் பக்கத்தில் அந்தப் பலகையும் இருக்கிறது.

ஒவ்வொரு தீபாவளிக்கும் முதல் நாள் நானும் அக்காவும் அங்கே போனோம். பல் கூடத்தில் அச்சு மாவு குழைக்கும் சின்னக் கரண்டியால் அக்கா சிமெண்டு குழைப்பார். முதல் தடவை நான் என் சேகரிப்பிலேயே சிறந்த பழைய கோலியைக் கொண்டுபோயிருந்தேன். அக்கா வாங்கிப் பார்த்து என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். "ஒங்கப்பா பழசு தேடி வைக்கல. அந்தந்த வருசம் கடையில என்னா இருந்துச்சோ அதத்தான் வச்சாரு. போ, போய்ப் புதுசு வாங்கிட்டு வா." பழைய கோலி பழைய கோலி என்று ஊர் ஊராக அலைந்த மனுஷி, என்னைப் பொம்மைக் கடைக்கு அனுப்பினார். இரண்டு பலகைக்கும் ஒவ்வொன்று வாங்கி வந்தேன்.

சந்தையிலும் அதன் பிறகு அவர் பேச்சு மாறியதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். திட்டு குறையவில்லை. ஆனால் யாராவது வீட்டிலிருந்து கோலி கொண்டுவந்து காட்டினால், ஆலையையும் காலத்தையும் சொல்லிவிட்டு, "இது செஞ்ச வருசம். வெளையாண்ட வருசம் எனக்குத் தெரியாது, நீங்கதான் சொல்லணும்," என்பார். சொல்லிவிட்டுக் காத்திருப்பார். அவர்களும் சொல்வார்கள். ஒரு கோலிக்காக அரைமணி நேரம் அவர் நின்று கேட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

அடக்கத்துக்கு மறுவாரம் அந்தோணி என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். அலமாரி நிறைய அக்காவின் சேகரிப்பு. "அம்மா ஞாபகமா எது வேணும்னாலும் எடுத்துக்குங்க அங்கிள்," என்றார். அதில் சில கோலிகளுக்காக நானும் அக்காவும் வாரக்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறோம். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அந்தோணிக்கு அது ஆச்சரியமாக இருந்திருக்கும். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "ஒங்கம்மா எனக்கு முன்னாடியே குடுத்துட்டாங்க தம்பி," என்றேன்.

உங்களிடம் சொல்லலாம். அறுபது வயது தாண்டும் வரைக்கும் என் அப்பா எனக்கு ஒரு குடிகாரர், பெற்ற பிள்ளையை மறந்தவர். அப்படியே அவரை எரித்தேன், அப்படியே திதி கொடுத்தேன். நல்ல நாளுக்கு முதல் நாள் ஒரு கோலியையும் கொஞ்சம் சிமெண்டையும் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறிய ஒரு மனிதரை எனக்குக் காட்டியவர் ரெஜினா அக்கா. ஊர் பார்க்கத் தன் வாயால் தப்பு என்று சொல்லித்தான் அவரால் அதைக் காட்ட முடிந்தது. அக்காவின் ஞாபகமாக நான் வைத்திருப்பது என் அப்பாவை.